கலைக்கப்பட்ட தணிக்கை ஆணையம்: பொது அமைப்புகளை ஒழிப்பதில் சிக்கனத்தின் கணக்கு

நிதி நெருக்கடி வரும்போதெல்லாம் அரசுகளின் பார்வை முதலில் விழுவது வாரியங்கள், ஆணையங்கள், தீர்ப்பாயங்கள் மீதுதான். இவற்றுக்கு வாக்கு வங்கி கிடையாது. பெயரும் பெரும்பாலான மக்களுக்குத் தெரியாது. ஒழித்தால் உடனே ஒரு தொகையை மிச்சமாகக் காட்டலாம். 2010 அக்டோபர் 14 அன்று பிரிட்டனின் அமைச்சரவை அலுவலக அமைச்சர் பிரான்சிஸ் மோட் வெளியிட்ட திட்டம் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 901 பொது அமைப்புகளை ஆராய்ந்து, 192ஐ ஒழிப்பதாகவும் 118ஐ இணைத்துக் குறைப்பதாகவும் அவர் அறிவித்தார். நான்கு ஆண்டுகளில் 260 கோடி பவுண்டு நிர்வாகச் செலவு குறையும் என்பது அரசின் மதிப்பீடு. இந்த மாற்றத்தைச் செய்து முடிப்பதற்கே குறைந்தது 83 கோடி பவுண்டு ஆகும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2012இல் கணக்கிட்டது. ஆயினும் உண்மையான குறைபாடு இந்த இரு தொகைகளுக்கு வெளியே இருக்கிறது. ஓர் அமைப்பை ஒழிப்பதால் அது செய்துவந்த பணி ஒழிந்துவிடுவதில்லை. அந்தப் பணி எங்கே போய்ச் சேர்ந்தது, அங்கே என்ன செலவானது, தவறினால் யார் பதில் சொல்வது என்பவற்றைக் கணக்கில் எடுக்காத சிக்கனம், செலவை வேறொரு பேரேட்டுக்கு மாற்றி எழுதுவதாகவே முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். இங்கிலாந்தின் உள்ளாட்சித் தணிக்கைக்கு நேர்ந்தது இதற்குத் தெளிவான சான்று.

உள்ளாட்சி மன்றங்கள், காவல் துறை, சுகாதார அமைப்புகள் ஆகியவற்றுக்குத் தணிக்கையாளரை நியமித்துவந்த, 1983இல் உருவான அமைப்பு தணிக்கை ஆணையம். யாருடைய கணக்கு தணிக்கை செய்யப்படுகிறதோ அவரே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. தணிக்கைகளில் சுமார் 70 சதவீதத்தை ஆணையத்தின் சொந்த ஊழியர்களே செய்தனர். எஞ்சியவை தனியார் நிறுவனங்களிடம் இருந்தன. கட்டணத்தை நிர்ணயிப்பது, தணிக்கையின் தரத்தைப் பார்ப்பது, மன்றங்களின் செலவை ஒன்றோடொன்று ஒப்பிடுவது, ஓரிடத்தில் கண்ட ஆபத்தை மற்ற இடங்களுக்கு எச்சரிப்பது என எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. 2010 ஆகஸ்ட் 13 அன்று உள்ளாட்சி அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் இதைக் கலைப்பதாக அறிவித்தபோது, ஆண்டுக்கு 5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்றார். 2012இல் ஆணையத்தின் தணிக்கைப் பணி முழுவதும் தனியாருக்குச் சென்றது. 2015 மார்ச் இறுதியில் ஆணையம் மூடப்பட்டது.

ஆணையம் மறைந்தது, அதன் வேலைகளில் ஒன்றிரண்டு தவிர ஏனையவை மறையவில்லை. தணிக்கையாளரை நியமிக்கும் பொறுப்பை உள்ளாட்சிச் சங்கம் தோற்றுவித்த ஒரு புதிய நிறுவனம் ஏற்றது. தணிக்கை நெறிமுறையை எழுதுவது தேசியத் தணிக்கை அலுவலகத்துக்குப் போனது. தரக் கண்காணிப்பு நிதி அறிக்கை மன்றத்துக்கும் கணக்காளர் சங்கத்துக்கும் பிரிந்தது. மோசடிகளைத் தரவு ஒப்பீட்டின் மூலம் கண்டறியும் திட்டம் அமைச்சரவை அலுவலகத்திடம் சேர்ந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உரிமையாளர் கிடைத்தார். முழுமைக்கு ஒருவரும் இல்லை. 2020 செப்டம்பரில் வெளியான சர் டோனி ரெட்மண்டின் ஆய்வறிக்கை இதைத்தான் மையக் குறையாகச் சுட்டியது. இடையில் கட்டணங்கள் வெட்டப்பட்டன: 2012இல் 40 சதவீதம், 2018இல் மேலும் 23 சதவீதம். இந்தக் குறைப்பே சீர்திருத்தத்தின் வெற்றியாகக் காட்டப்பட்டது. ஆனால் அந்தக் கட்டணத்துக்கு வேலை செய்ய முன்வந்த நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உள்ளாட்சிக் கணக்கில் கையெழுத்திடத் தகுதிபெற்ற தணிக்கைப் பங்குதாரர்கள் இங்கிலாந்து முழுவதிலும் நூறு பேருக்கும் குறைவாகவே இருந்தனர்.

விளைவைக் காலக்கெடுவே காட்டிக்கொடுத்தது. 2018-19ஆம் ஆண்டுக் கணக்குகளில் 40 சதவீதம் கெடுவுக்குள் தணிக்கை முடியாமல் நின்றன. 2022-23ஆம் ஆண்டுக் கணக்கில், 467 அமைப்புகளில் 5 மட்டுமே 2023 செப்டம்பர் 30க்குள் தணிக்கை முடிந்த கணக்கை வெளியிட்டன. அன்றைய தேதியில் தேங்கிக் கிடந்த தணிக்கைகள் மொத்தம் 918. இதை வெறும் காகிதத் தாமதம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதே காலத்தில் மன்றங்கள் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிச் சொத்து வணிகத்தில் இறங்கின. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் வோக்கிங் நகர மன்றம் ஹோட்டலும் வானளாவிய குடியிருப்புகளும் கட்டச் சுமார் 180 கோடி பவுண்டு கடனில் சிக்கியது. 2023 ஜூனில் அது உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்கீழ் நிதி முடக்க அறிவிப்பு வெளியிட்டபோது எதிர்நோக்கிய பற்றாக்குறை 120 கோடி பவுண்டு. அந்த ஆண்டின் அடிப்படைச் செலவுக்கு அதன் கையில் இருந்ததோ 1.6 கோடி. ஆணையம் இருந்திருந்தால் வோக்கிங் தப்பியிருக்கும் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு சிறு மன்றத்தின் கடனை அதன் வருமானத்தோடும் பிற மன்றங்களோடும் வைத்துப் பார்த்து உரக்கச் சொல்வதையே கடமையாகக் கொண்ட அமைப்பு ஒன்றும் அப்போது இல்லை. தேக்கத்தை உடைக்க அரசு கண்ட வழி, 2024 டிசம்பர் 13ஐச் சட்டபூர்வ இறுதிக் கெடுவாக்கியது. அன்றைக்குள் பார்த்து முடிக்க இயலாத நூற்றுக்கணக்கான கணக்குகளைப் பற்றித் தணிக்கையாளர்கள் கருத்துச் சொல்ல இயலாதென்று எழுதிக் கொடுத்தனர். அதற்கு முந்தைய மாதமே, நாட்டின் ஒட்டுமொத்த அரசுக் கணக்கின்மீது கருத்துத் தெரிவிக்க இயலாது என்று பிரிட்டனின் தலைமைத் தணிக்கையாளர் முதன்முறையாகக் கைவிரித்திருந்தார். உள்ளாட்சிக் கணக்குகள் நம்பத்தக்க நிலையில் வந்து சேராததே காரணம்.

இந்தச் சரிவுக்கு வேறு காரணங்கள் உண்டு என்பது முதல் மறுப்பு. கொரோனாத் தொற்று, சிக்கலாகிப்போன சொத்து மதிப்பீட்டு விதிகள், 2018இல் கரிலியன் கட்டுமான நிறுவனம் வீழ்ந்தபின் கடுமையான தணிக்கைக் கண்காணிப்பு ஆகியவை சேர்ந்தே சுமையை ஏற்றின. இது உண்மை. ஆனால் தொற்று வருவதற்கு முன்பே பத்தில் நான்கு தணிக்கைகள் கெடுவைத் தவறவிட்டன. மேலும், எதிர்பாராத சுமை எழும்போது கட்டணத்தைத் திருத்தவும், ஆட்களைப் பயிற்றுவிக்கவும், முன்னுரிமையை மாற்றவும் அதிகாரம் பெற்ற ஒரு மையம் வேண்டும். கலைக்கப்பட்டது அந்த மையம்தான். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: தணிக்கை ஆணையம் தன் எல்லையை மீறி வளர்ந்துவிட்டது, மன்றங்களுக்கு மதிப்பெண் போடும் ஆய்வுகளில் பணத்தையும் நேரத்தையும் கரைத்தது. இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. அதற்கான மருந்து மிகையான ஆய்வுகளை நிறுத்துவது. அவற்றைப் புதிய அரசு 2010லேயே நிறுத்தியும்விட்டது. அதற்குப் பிறகும் தணிக்கை நியமனத்தையும் ஒப்பீட்டையும் சேர்த்துக் கலைத்தது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய செயல்.

எந்த அமைப்பையும் தொடவே கூடாதென்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. 2003இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், காலிப் பணியிடங்களால் நீண்ட காலம் முடங்கிக் கிடந்தது. இந்திய அரசு 2021 ஏப்ரலில் அவசரச் சட்டத்தால் அதை ஒழித்து, வழக்குகளை உயர் நீதிமன்றங்களுக்கு மாற்றியது. தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூலையிலேயே அறிவுசார் சொத்துரிமைப் பிரிவைத் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரிவுக்கான விதிகள் 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டன. வேலை செய்யாத அமைப்பை மூடுவது சரியான முடிவாகலாம். அதன் பணியை ஏற்கச் சட்ட அதிகாரமும் பயிற்சி பெற்றவர்களும் உள்ள ஓரிடம் ஏற்கெனவே இருந்தது இங்கே கைகொடுத்தது. அப்படியிருந்தும் இரு நகரங்களுக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டாண்டு இடைவெளி விழுந்தது. வாரியத்தை மூடும் நாளுக்கு முன்பே எல்லா இடங்களிலும் ஏற்பாட்டை முடித்திருந்தால் அந்த இடைவெளி தேவைப்பட்டிருக்காது.

ஒழிப்புத் திட்டம் எதுவானாலும் சட்டமன்றத்தின் முன் வரும்போது அமைப்பின் செலவோடு மூன்று விவரங்களும் சேர்ந்து வர வேண்டும். அமைப்பின் ஒவ்வொரு பணியும் இனி யாரிடம், எந்தச் செலவில் நடக்கும் என்பது ஒன்று. பிரிந்துபோன பணிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்து எச்சரிக்கும் பொறுப்பு யாருடையது என்பது இரண்டு. அறிவித்த மிச்சம் உண்மையில் கிடைத்ததா என்று ஐந்தாண்டு கழித்து அரசைச் சாராத ஒருவர் கணக்கெடுப்பார் என்ற உறுதி மூன்று. இதனால் சிக்கனம் தாமதமாகும் என்பார்கள். தாமதத்தின் விலையையும் அவசரத்தின் விலையையும் பிரிட்டன் இப்போது அருகருகே வைத்துப் பார்க்கலாம்: 2024 டிசம்பரில் அந்நாட்டு அரசு, சிதறிய பொறுப்புகளை மீண்டும் ஒன்றுதிரட்ட உள்ளாட்சித் தணிக்கை அலுவலகம் என்ற புதிய அமைப்பை உருவாக்கப்போவதாக அறிவித்தது. 2015இல் மூடியதை வேறு பெயரில் மறுபடி கட்டும் செலவு, அன்று சேமிப்பாக அறிவித்த தொகையிலிருந்து கழிக்கப்பட வேண்டியது. அந்தக் கழித்தலைச் செய்து மக்களுக்குக் காட்டாத அரசு சிக்கனம் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி பெறாது.