நெசவாளரின் இடுப்பும் மருத்துவரின் மனமாற்றமும்

ஸ்ரீவில்லிபுத்தூரின் குழித்தறியில் நெசவாளர் குழிக்குள் காலை இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, நாடா ஓடக் கயிற்றை இழுக்கிறார். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியபின் இவ்வட்டார உழைப்பு நூற்பாலைக்கும் பரவியது. அங்கே அறுந்த இழையைப் பிணைக்க நாள் முழுவதும் நின்று குனிய வேண்டும். இரண்டு வேலையிலும் இடுப்பு வலி கூடவே வரும். ஏறக்குறைய அதே காலத்தில், 1934இல், அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கினார்கள். காலுக்கு இறங்கும் வலிக்கு அது நல்ல விளக்கம்தான். நாளடைவில் எல்லா இடுப்பு வலிக்கும் 'டிஸ்க்' மேல் பழி விழுந்தது. பலகையில் படு, குனியாதே, பெல்ட் போடு என்பதே வைத்தியமாயிற்று.

அந்த வைத்தியத்தை ஆராய்ச்சி படிப்படியாகத் தகர்த்தது. ஏழு நாள் படுக்கையைவிட இரண்டு நாள் படுக்கை எவ்வகையிலும் குறைந்ததல்ல என்று 1986இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. முடிந்தவரை வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே சீக்கிரம் தேறினார்கள் என்றது 1995இல் வந்த ஹெல்சின்கி ஆய்வு. 1994இல் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டோருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. கோவை கங்கா மருத்துவமனை 2021இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நமக்கு நெருக்கமானது: ஸ்கேன் அறிக்கையை அப்படியே விளக்கக் கேட்டவர்களைவிட, 'வயதுக்கேற்ற மாற்றம்தான், பயமில்லை' என்று தேற்றப்பட்டவர்களுக்கு வலியும் முடக்கமும் அதிகம் குறைந்தன.

அப்படியானால் வலி வெறும் மனப்பிரமையா? இல்லை. வலி மெய், அச்சம் அதை நீட்டிக்கிறது, அவ்வளவே. கால் பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு வலிப்பது போன்றவற்றுக்கு ஸ்கேனும் உடனடிச் சிகிச்சையும் இன்றும் தேவை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: 'அசைந்துகொண்டே இரு' என்பது, வலியோடு வேலை வாங்க முதலாளிக்குச் சாக்காகாதா? ஆகலாம். சேலைக் கணக்கில் கூலி பெறுபவருக்குப் படுக்கை ஓய்வு என்றுமே கட்டுப்படியானதில்லை. அவ்வகையில் புதிய அறிவுரை அவர் பக்கம் நிற்கிறது. ஆனால் அசைவு வேறு, ஒரே அசைவை மணிக்கணக்கில் செய்வது வேறு. 2018இல் லான்செட் இதழின் கட்டுரைத் தொடரும் உடலை வருத்தும் வேலையையும் சமூகச் சூழலையும் இந்த நோயின் பகுதியாகவே பார்த்தது. ஆகவே 'படுக்காதே' என்று சொல்லும் மருத்துவர், என்ன வேலை, எத்தனை மணி நேரம், இடையில் எழுந்து நடக்க முடியுமா என்றும் கேட்டாக வேண்டும். தறியின் இருக்கையும் ஷிப்டின் இடைவேளையும் மாறாதவரை பாதி வைத்தியம்தான் நடந்திருக்கிறது.