கையை மீட்டுக் கொடுத்த வரலாறு



நம்ம திருப்பூரின் மூலதனம் என்னங்க? நூல், சாயம், மெஷின் என்போம். நான் கை என்பேன். பவர் டேபிளில் துணி ஓட்டுவதும், செக்கிங்கில் ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் அதுதானே! அந்தக் கையின் தசைகளைப் படித்தே பலருக்கு மறுவாழ்வு தந்த ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் தச்சும் கட்டட வேலையும் கற்றவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் விரல்கள் மடங்கிப்போன ஒரு தொழுநோயாளியிடம், "என் கையை அழுத்துங்கள்" என்றார். பிடி இரும்பாக இருந்தது! செயலிழந்ததாக நினைத்த கையில் இவ்வளவு பலமா?

விரலுக்குள் அதை மடக்கும் தசை கிடையாது. பெரிய தசைகள் முன்கையில் இருந்து தசைநாண்களால் விரலை இழுக்கின்றன. கவலை ஏற்றத்தில் மாடு ஓரிடம், பறி ஓரிடம், நடுவில் வடக்கயிறு இல்லையா, அதுபோல! தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் எதிர்த்தசை வேண்டும். பைசெப்ஸ் மடக்கினால் ட்ரைசெப்ஸ் நீட்டும். தொழுநோய் நரம்பைக் கெடுத்ததால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்தன. சமன் குலைந்து விரல்கள் வளைந்தன. ஆனால் முன்கைத் தசைகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன.

ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. அதில் ஒன்றை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டினார். நம்ம பாஷையில், ஸ்பேர் பெல்ட்டை வேறு புல்லியில் மாட்டுவது! 1948-ல் வேலூரில் இந்த அறுவை சிகிச்சை தொடங்கியது. விரல் நிமிர்ந்தும் யாரும் வேலை தரவில்லை. ஆகவே மறுவாழ்வு மையம் அமைத்து, தச்சு போன்ற தொழில்கள் கற்றுத் தந்தார்கள்.

விரல்கள் தேய்ந்ததற்கு முக்கியக் காரணம், வலி தெரியாமல் பட்ட காயங்களே என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். வலி எதிரி அல்ல, காவல்காரன்!

இது நமக்கும் பாடம். மணிக்கட்டின் குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் போகிறது. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்தால் அது நசுங்கலாம். கம்பெனி நடத்தும் நண்பர்களே, "அண்ணா, கை மரத்துப் போகுதுங்க" என்று ஒரு தங்கை சொன்னால், ஷிப்மெண்ட் அவசரத்தில் தள்ளிவிடாதீர்கள். டாக்டரிடம் அனுப்புங்கள். மெஷினுக்கு ஸ்பேர் கிடைக்கும்; கைக்குக் கிடைக்காது!