கோப்பையில் கரையும் சர்க்கரைப் பூ

காப்பிக்குப் பழகிய நாம், மும்பைக்குக் குடியேறிய பின் தேநீருக்கும் பழகிவிட்டோம். பாண்டுப்பில் அண்டை வீட்டு மராட்டியக் குடும்பத்தார் நம் இல்லம் வந்தால், முதலில் அளிப்பது தேநீரே. அதனுடன் பூவாகவும் இலையாகவும் அச்சிட்ட சர்க்கரைக் கட்டிகளை ஒரு தட்டில் வைத்தால், பார்வைக்கு அழகும் ஆயிற்று. பருகுவதற்கு இனிமையும் ஆயிற்று. சிறுவரும் செய்யத்தக்க இக்கைவினைக்குப் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு.

அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். சர்க்கரையின் பெயரோ நம் நாட்டிலிருந்து வெளியே சென்றது. சிறு பரலைக் குறிக்கும் ‘சர்க்கரா’ என்னும் வடசொல் பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா சென்று ‘சுகர்’ ஆயிற்று. துண்டு என்று பொருள்படும் ‘கண்டம்’ அங்கே ‘காண்டி’ ஆயிற்று. இங்கே கற்கண்டில் நிலைத்தது.

ஐரோப்பாவில் சர்க்கரையை நெடுங்காலம் பெரிய கூம்புகளாகவே விற்றனர். வேண்டும்போது இடுக்கியாலும் கத்தியாலும் உடைத்துக்கொள்ள வேண்டும். மொராவியாவின் டாச்சிட்சே ஊரில் சர்க்கரை ஆலை மேலாளராயிருந்த யாக்கூப் கிறிஸ்டோஃப் ராட் என்பாரின் மனைவி, அவ்வாறு உடைக்கையில் விரலைக் காயப்படுத்திக்கொண்டார் என்பர். ஈரச் சர்க்கரையை அச்சில் அழுத்தி உலர்த்தும் முறையை ராட் வகுத்து, 1843ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். கட்டிச் சர்க்கரை பிறந்தது இவ்வாறே.

அம்முறையையே நாமும் வீட்டில் கையாளலாம். ஒரு கோப்பைச் சர்க்கரையில் இரண்டு சிறு கரண்டி நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசறுக. கையில் பிடித்தால் ஈர மணல்போல் உருவம் நிற்க வேண்டும். நீர் மிகுந்தால் பாகாகிவிடும். ஏலப்பொடி சேர்த்தால் மணம் வரும். நிறம் வேண்டின், அந்நீருக்கு ஈடாகப் பீட்ரூட் சாற்றையோ குங்குமப்பூ ஊறிய நீரையோ சேர்க்கலாம். அச்சில் அழுத்தி, தட்டில் கவிழ்த்து, ஓரிரவு அசையாமல் உலரவிடுக. நீர் பரல்களின் மேற்புறத்தைச் சற்றே கரைக்கிறது. உலரும்போது அப்பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. கிழக்கே உப்பளங்களும் கழிமுகமும் உள்ள பாண்டுப்பில் மழைக்கால ஈரக்காற்று இதற்கு ஆகாது. தை மாதமே ஏற்றது. உலர்ந்தவற்றை இறுக மூடிய டப்பாவில் வைத்துக் காக்க வேண்டும்.

தை மாதம் மராட்டியருக்கும் சர்க்கரை அணிகளின் காலமாகும். சங்கராந்தியன்று எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாகப் பேசுமாறு ஒருவரையொருவர் வேண்டுவர். எள் போன்ற சிறு விதைகளின்மேல் பாகைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சூட்டில் உருட்டி உருட்டி முள்முள்ளாக வளர்த்த மணிகளை ‘ஹல்வா’ என்பர். அவற்றைக் கோத்துச் செய்த மாலையையும் வளையையும் புதுமணப்பெண்ணுக்கும் குழந்தைக்கும் அணிவிப்பர். நாம் அவர்களுக்குச் சர்க்கரைப் பூவை அளிக்கும்போது, அவர்கள் நன்கறிந்த ஒரு கலையின் உறவையே அளிக்கிறோம்.

இவ்வினிமைக்கு வேறொரு பக்கமும் உண்டு. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றோர் நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்கள் முதலிய இடங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள்; தமிழரும் அவர்களுள் இருந்தனர். இலங்கையில் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்றவர்களே. ஆகவே நம் கோப்பையிலுள்ள தேயிலை, சர்க்கரை ஆகிய இரண்டின் வரலாற்றிலும், பிழைப்பை நாடி ஊரைவிட்டுச் சென்ற தமிழரின் வியர்வை கலந்திருக்கிறது.

நாமும் ஊரைவிட்டு வந்தவர்களே. ஆயினும் கடலைக் கடந்தோமில்லை. ஒப்பந்தச் சிறையில் அகப்பட்டோமில்லை. அச்சில் சர்க்கரையை அழுத்தும் நம் பிள்ளைகளுக்கு, அது உலரக் காத்திருக்கும் பொழுதில் இவ்வரலாற்றையும் சொல்லி வைப்போமாக. பூ கோப்பையில் கரைந்துவிடும். கேட்ட கதை அவர்கள் நெஞ்சில் நிற்கும்.