கடைக்காரரும் தபால்காரரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சில சிற்றூர்களில் ஒரு வேடிக்கையான சொக்கப்பனை கொளுத்தினார்கள். பனை ஓலைக்குப் பதிலாக அதில் எரிந்தவை புத்தகங்கள். மத விரோதமான புத்தகங்களோ ராஜத் துரோகமான புத்தகங்களோ அல்ல; சட்டை, தையல் இயந்திரம், கலப்பை, கடிகாரம் ஆகியவற்றின் படமும் விலையும் போட்ட கேட்லாகுகள். கொளுத்தியவர்கள் அந்தந்த ஊர் வியாபாரிகள். வீட்டிலிருக்கும் கேட்லாகைக் கொண்டுவந்து நெருப்பில் போடும் குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்த ஊர்களும் உண்டு. காகிதத்தின் மேல் மனிதனுக்கு இவ்வளவு கோபம் வருமா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது, பயமும் இருந்தது.

ஏரன் மான்ட்கோமரி வார்டு என்பவர் 1872-ல் சிகாகோவில் தபால் மூலம் சாமான் விற்கத் தொடங்கினார். அவருடைய முதல் கேட்லாக் ஒற்றைத் தாள். அதில் இருந்தவை 163 சாமான்கள். பின்னால் வந்தார் ரிச்சர்ட் சியர்ஸ். ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்தபோது கடிகாரம் விற்றுப் பழகியவர் அவர். 1893-ல் சியர்ஸ் ரோபக் கம்பெனி என்று பெயர் வைத்துக்கொண்ட பிறகு, அவருடைய கேட்லாக் பைபிளுக்கு அடுத்தபடியாகக் குடியானவர் வீடுகளில் இடம் பிடித்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அதில் கிடைக்காத பொருள் இல்லை. புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் மருந்துகூட அதில் இருந்தது! இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊர்க் கடைக்காரர் ஏன் பயந்தார்? அவருடைய கடையில் பல பொருள்களுக்கு எழுதிப் போட்ட விலை கிடையாது. ஆளைப் பார்த்து விலை சொல்வார். அறுவடை வரைக்கும் கடன் கொடுப்பார். கடன் கொடுத்தவருடைய சொல்லுக்கு எதிர்ச் சொல் ஏது? பல கிராமங்களில் தபாலாபீஸும் அவர் கடைக்குள்ளேயே இருந்தது. ஆகவே சிகாகோவுக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள், யாருக்குப் பார்சல் வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 1896-ல் கிராமத்து வீடுகளுக்கே தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு ஆரம்பமாயிற்று. 1913 ஜனவரி முதல் தேதி பார்சல் தபாலும் வந்தது. அதுவரை 4 ராத்தலுக்கு மேல் சுமக்காத சர்க்கார் தபால் 11 ராத்தல் சுமக்கலாயிற்று. கடைக்காரர்கள் அதைத் தடுக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். முடியவில்லை.

ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. ஊர்க் கடைக்காரர் வெறும் லாபப் பேய் அல்ல. வீட்டில் பிள்ளைக்கு ஜுரம் என்றால் கடன் கொடுப்பவர் அவர்தான், சிகாகோ கொடுக்காது. முகம் தெரிந்தவரிடம் வாங்குவதில் ஓர் ஆதரவு உண்டு.

ஆனால் முகம் தெரிவதே சாபமாக இருந்தவர்களும் அந்த நாட்டில் இருந்தார்கள். தெற்கு ராஜ்யங்களில் கறுப்பின மக்கள் கடைக்குப் போனால், வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வாங்கிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல துணி கேட்டால் மட்டத் துணியை எடுத்துப் போடுவார்கள். கேட்லாகுக்கோ நிறம் தெரியாது. பணம் அனுப்பினால் மற்றவருக்கு வரும் அதே சட்டை அதே விலையில் வரும். சில தபால் அதிகாரிகள் அவர்களுக்கு மணியார்டர் விற்க மறுத்தபோது, கடிதத்தையும் பணத்தையும் தபால்காரர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று சியர்ஸ் கம்பெனி வழி சொல்லிக் கொடுத்தது. விற்பனை பெருகவேண்டும் என்பதுதான் கம்பெனியின் எண்ணம், சீர்திருத்தம் அல்ல. ஆனாலும் ஒரு மனிதன் தலை குனியாமல் சட்டை வாங்க முடிந்தது. கோபம் கொண்டவர்கள், சியர்ஸே ஒரு கறுப்பர் என்று வதந்தி கிளப்பினார்கள். அது பொய்.

முகம் மறைவதன் மறுபக்கத்தைப் புகையிலை காட்டிற்று. அமெரிக்காவில் சிகரெட் வரி ராஜ்யத்துக்கு ராஜ்யம் வேறு. வரி குறைந்த ராஜ்யத்திலிருந்து தபாலில் சிகரெட் தருவித்தால் சொந்த ராஜ்யத்தின் வரி மிச்சம். இந்தத் தந்திரம் பரவவே, 1949-ல் ஜென்கின்ஸ் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். ராஜ்ய எல்லை தாண்டிச் சிகரெட் விற்கிறவர், யாருக்கு எவ்வளவு விற்றார் என்று அந்த ராஜ்யத்து வரி அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்லாகுக்கு இல்லாத கண்ணைச் சட்டம் பொருத்தப் பார்த்தது.

இனி நம் காலத்துப் பொருளுக்கு வருவோம். அதுதான் மின் சிகரெட். வேப் என்று இளைஞர்கள் சொல்வது. மின்கலம் ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்கும்; அந்தச் சூட்டில் நிக்கோடின் கலந்த திரவம் ஆவியாகும்; அதை உறிஞ்சுவார்கள். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் புகையில்லாச் சிகரெட்டுக்கு 1963-ல் விண்ணப்பித்து 1965-ல் பேடண்ட் பெற்றார். செய்து விற்க ஆள் கிடைக்கவில்லை. சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தியல் நிபுணர் 2003-ல் செய்ததுதான் நிலைத்தது. அவரே பெரும் சிகரெட் பிரியர். பழக்கத்தை விடத்தான் அதைச் செய்தார். சியர்ஸ் விற்ற மருந்து ஞாபகம் வருகிறதல்லவா?

இங்கே சரித்திரம் தலைகீழாயிற்று. சட்டைக்கும் கலப்பைக்கும் முதலில் கடை, பிறகு தபால். மின் சிகரெட்டோ அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது இணையக் கடைகளிலும், பெரிய அங்காடி நடைகளில் போட்ட சின்னஞ்சிறு பெட்டிக் கடைகளிலும்தான் கிடைத்தது. இதற்கென்றே தனிக் கடைகள் ஊர் ஊராக முளைத்தது அதற்குப் பிறகு. முளைத்ததற்குக் காரணமும் உண்டு. எந்தக் கம்பிச் சுருள் எந்தக் கருவிக்குப் பொருந்தும், எவ்வளவு நிக்கோடின் போதும், மின்கலத்தை எப்படிப் பத்திரமாக வைப்பது என்பதையெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் விளங்கும். இணையத்தில் விலை குறைவு, வகை அதிகம். கடையில் சந்தேகம் கேட்கலாம். பழுதென்றால் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம். இரு தரப்பு வாதங்களையும் கேட்டால், 1900-ம் வருஷத்துக் குடியானவரும் கடைக்காரரும் பேசுவதுபோலவே இருக்கிறது.

ஆனால் இந்தப் பொருள் சட்டையல்ல. சிறுவன் கையில் போனால் என்ன ஆகும்? 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வட கரோலினாவில் 14 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளைக் கொண்டு, மேற்பார்வையோடு, இணையத்தில் 98 முறை மின் சிகரெட் வாங்கப் பார்த்தார்கள். 75 முறை பார்சல் வந்து சேர்ந்தது. வயதைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டவை ஐந்தே ஐந்து. கொண்டுவந்து கொடுத்தவர்களில் ஒருவர்கூட வயதைச் சோதிக்கவில்லை.

அப்படியானால் கடைதான் உத்தமம் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 2018 கோடையில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ரகசியமாக ஆளனுப்பிச் சோதித்துவிட்டு, 1,300-க்கு மேற்பட்ட எச்சரிக்கைக் கடிதங்களையும் அபராத நோட்டீஸ்களையும் அனுப்பிற்று. பெரும்பாலும் அகப்பட்டவை தெருமுனைக் கடைகள். பிள்ளையின் முகத்தை நேரில் பார்த்தும் விற்றவர்கள் அவர்கள். அதே ஆண்டு நவம்பரில் ஜூல் என்ற பெரிய கம்பெனி, பழச்சுவை வகைகளைக் கடைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தி, வயதைச் சரிபார்க்கும் தன் இணையக் கடையில் மட்டும் விற்கப்போவதாக அறிவித்தது. கடையைவிட இணையம் கண்டிப்பானது என்று வாதம் திரும்பிற்று! அடுத்த ஆண்டு அக்டோபரில் அந்த விற்பனையும் நின்றது.

2019-ல் வந்தது பெரிய சோதனை. மின் சிகரெட் உபயோகித்தவர்கள் நுரையீரல் பழுதாகி ஆஸ்பத்திரிகளில் விழுந்தார்கள். 2020 பிப்ரவரி 18 வரை, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரும் இறந்தவருமாக 2,807 பேர்; இறந்தோர் 68 பேர். மாசசூசெட்ஸ் கவர்னர் கடை, இணையம் இரண்டிலும் விற்பனையை நான்கு மாதம் நிறுத்தும்படி உத்தரவிட்டார். பிறகு விசாரித்தபோது, பெரும்பாலான நோயாளிகள் உறிஞ்சியது கஞ்சாச் சத்துக் கலந்த திரவம் என்று தெரிந்தது. அதில் கலந்திருந்த விட்டமின் ஈ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருளின்மேல் பலமான சந்தேகம் விழுந்தது. அதைப் பெரும்பாலும் விற்றவர்கள் சிநேகிதர்களும் கள்ள வியாபாரிகளும். கடையா, தபாலா என்று நாம் வழக்காடிக்கொண்டிருக்கையில், மூன்றாவது ஆள் ஒருவன் சந்தில் நின்று வியாபாரம் செய்துகொண்டிருந்தான்.

2020 டிசம்பர் 27-ல் கையெழுத்தான சட்டம், சிகரெட்டுக்கு இருந்த தபால் கட்டுப்பாடுகளை மின் சிகரெட்டுக்கும் நீட்டிற்று. பழைய ஜென்கின்ஸ் சட்டத்தின் வம்சம்தான் இது. ராஜ்ய வரியைக் கட்ட வேண்டும். பார்சலை வயது வந்தவர் அடையாளம் காட்டிக் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். 2021 வசந்த காலத்துக்குள் ஃபெடெக்ஸ், யுபிஎஸ் ஆகிய இரு பெரிய பார்சல் கம்பெனிகளும் இந்தச் சரக்கைத் தொடமாட்டோம் என்றன. அக்டோபரில் சர்க்கார் தபாலும், சில விலக்குகள் தவிர, கதவை அடைத்தது. இணையத்தில் விற்றுவந்த சிறு வியாபாரிகள் பலர் திண்டாடிப் போனார்கள். ஒரு காலத்தில் கேட்லாகை எரித்த கடைக்காரர் பட்ட பாட்டை இந்தத் தடவை தபால் வியாபாரி பட்டார்.

நம் நாட்டில் வழக்கே எழவில்லை. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும், டிசம்பரில் பார்லிமெண்டுச் சட்டமும் வந்து, கடையிலும் இணையத்திலும் மின் சிகரெட் விற்பனையை ஒரே வீச்சில் தடுத்துவிட்டன. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டு கதவையும் சாத்திய பிறகு சந்தில் நிற்பவனைக் கவனிக்க வேண்டிய பொறுப்புப் போலீஸுக்கு வந்து சேர்ந்தது.

மிஸிஸிப்பியில் ஒரு கறுப்பினக் குடியானவருக்கு மானத்தைக் காத்துக் கொடுத்த அதே முகமின்மைதான் வட கரோலினாவில் பதினாலு வயதுப் பிள்ளைக்கு நிக்கோடினைக் கொண்டுவந்து கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு விற்க வேண்டிய பொருளும் உண்டு. முகத்தை உற்றுப் பார்த்து விற்க வேண்டிய பொருளும் உண்டு. சட்டை வாங்க வருகிறவனின் நிறத்தைப் பார்க்காதே, சிகரெட் வாங்க வருகிறவனின் வயதைப் பார் என்று ஒரே வியாபாரிக்குச் சொல்லிக் கொடுக்க அந்தத் தேசத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. இன்னும் பாடம் முடிந்தபாடில்லை.