வேரியேட்டர் கிளட்ச்: பனிவண்டி முதல் ஓசூர் ஸ்கூட்டர் வரை

வேரியேட்டர் கிளட்ச் என்பது இரண்டு புல்லிகளையும் ஒரு ரப்பர் பெல்ட்டையும் கொண்டு, ஓட்டுபவர் கியர் மாற்றாமலேயே வாகனத்தின் வேக விகிதத்தைத் தானாக மாற்றும் அமைப்பு. கனடாவின் பனிவண்டியிலும் தமிழ்நாட்டின் கியரில்லா ஸ்கூட்டரிலும் இயங்குவது அடிப்படையில் ஒரே பொறிதான். தமிழ்நாட்டில் இதன் வரலாறு ஓசூர் தொழிற்பகுதியின் வரலாற்றோடு பிணைந்தது.

தோற்றம்

நெதர்லாந்தின் ஹூப் வான் டோர்ன் உருவாக்கிய பெல்ட் அமைப்புடன் டாஃப் 600 கார் 1958-ல் அறிமுகமானது. அடுத்த ஆண்டு, கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள வால்கோர் ஊரில் பாம்பார்டியே நிறுவனம் ஸ்கீ-டூ என்னும் சிறிய பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனிவண்டிகளில் பெல்ட் வேரியேட்டரே நிலைபெற்றது. இந்தியாவில் பனிவண்டிகள் குல்மார்க்கின் சுற்றுலாவிலும் சியாச்சினில் ராணுவத்தின் பயன்பாட்டிலும் காணக்கிடைப்பவை. ஆனால் அதே பொறி ஸ்கூட்டர் வடிவில் இந்தியத் தெருக்கள் அனைத்திலும் ஓடுகிறது.

ஓசூரும் ஜூஜுவாடியும்

ஜூஜுவாடி, பெங்களூரு நெடுஞ்சாலையில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி. நெடுங்காலம் சோதனைச்சாவடியால் மட்டுமே அறியப்பட்ட இவ்வூர், சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் தொழிலாளர் குடியிருப்பாகவும் சிறு பட்டறைகளின் இடமாகவும் மாறியது. 2011-ல் ஓசூர் நகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஓசூர் 2019-ல் மாநகராட்சியானது.

1980-ல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் மொபெட் பிரிவு ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வண்டியை வெளியிட்டது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. அதில் கியர் கிடையாது. மையவிலக்கு விசையால் விரிந்து பற்றும் கிளட்ச் மட்டும் உண்டு. வேக விகிதம் ஒன்றே ஒன்றுதான். சமதளத்தில் அது போதும். மேட்டில் சுமையோடு ஏறும்போது பெடலை மிதித்து உதவ வேண்டியிருந்தது. பால்கேனும் காய்கறி மூட்டையும் ஏற்றிய மக்கள் அந்தக் குறையைப் பொருட்படுத்தவில்லை என்பதற்கு அந்த வண்டி வரிசை இன்றும் விற்பனையில் இருப்பதே சான்று.

இந்தியச் சாலைகளுக்கு வேரியேட்டரைக் கொண்டுவந்தது 1984-ல் வெளியான கைனடிக் ஹோண்டா. 1990-களின் நடுவில் டிவிஎஸ் நிறுவனத்தின் ஸ்கூட்டி வந்தது. எடை குறைந்த அந்த வண்டியைப் பெண்கள் பெருமளவில் வாங்கினர். கிளட்சைப் பிடித்து, கியரைத் திருகி ஓட்டும் பழைய ஸ்கூட்டர் ஆண்களின் வண்டியாகவே கருதப்பட்டிருந்தது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்காக 2018-ல் தமிழக அரசு தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் கியரில்லாத அல்லது தானியங்கிக் கியர் கொண்ட வண்டிகளுக்கே மானியம் வழங்கியது. விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். ஒரு பொறியின் வடிவமைப்பு அரசாணைக்குள் இடம்பெற்றது அரிது.

டியூனிங்

ஸ்கூட்டரின் முன்புல்லிக்குள் ஆறு சிறு ரோலர்கள் இருக்கும். எஞ்சின் வேகம் கூடும்போது அவை வெளிப்புறம் விலகி, சரிவில் ஏறி, புல்லியின் ஒரு பாதியைத் தள்ளும். நடுவிலுள்ள பெல்ட் மேலேறும். பின்புல்லி தன் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திறக்கும். விகிதம் மாறும். கிளட்ச் ஷூக்கள் சக்கரத்துக்கு விசையைக் கடத்துகின்றன. பனிவண்டியில் இந்தத் தனி ஷூ கிளட்ச் இல்லை. முன்புல்லியே பெல்ட்டை இறுக்கிப் பற்றுகிறது. ஆகவே அங்கு அந்தப் புல்லியையே கிளட்ச் என்கிறார்கள். ரோலருக்குப் பதிலாக அதில் எடைக்கரங்கள் இருக்கும்.

டியூனிங்கின் நோக்கம் எளியது. எஞ்சின் எந்தச் சுழல்வேகத்தில் அதிகத் திறன் தருகிறதோ, முழு முறுக்கில் அந்த வேகத்திலேயே அதை நிறுத்திவைக்க வேண்டும். எடை கூடினால் விகிதம் சீக்கிரம் மாறி எஞ்சின் அடங்கிவிடும். எடை குறைந்தால் எஞ்சின் வீணாக அலறும். பின்புல்லியின் ஸ்பிரிங் இறுக்கமானால் மேட்டில் இழுவை கூடும். பெல்ட்டுக்குத் தேய்மானமும் கூடும்.

உயரம் இதில் முக்கியமானது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் எஞ்சின் திறன் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைகிறது. மலைப்பகுதிகளில் பனிவண்டி ஓட்டுபவர்கள் அதனால்தான் எடையைக் குறைக்கிறார்கள். ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ளது. சென்னையில் சரியாக ஓடும் ஸ்கூட்டர் இங்கே பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். இருப்பினும் ஆலைகள் ஊருக்கு ஊர் ரோலரை மாற்றுவதில்லை. எரிபொருள் சிக்கனமே இந்திய வாங்குபவரின் முதற்கேள்வி என்பதால், அதற்கேற்ற எடையையே நிலையாக வைக்கிறார்கள். அது சரியான முடிவுதான்; பந்தயப் பிரியர்கள் மட்டுமே இதற்கு வருந்துவார்கள்.

பட்டறைக்கு வரும் பெரும்பாலான குறைகள் டியூனிங் சார்ந்தவையே அல்ல. ரோலர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, உருளாமல் சறுக்கும். பிக்கப் திணறும். உரிமையாளர் கார்புரேட்டரைச் சந்தேகிப்பார். தேர்ந்த மெக்கானிக் முதலில் வேரியேட்டர் மூடியைக் கழற்றுவார்.

மின்வண்டிகளின் வரவு

டிவிஎஸ் ஐகியூப் 2020-ல் வந்தது. 2021-ல் ஏத்தர் நிறுவனம் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஓலா ஆலையும் எழுந்தது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை தருவதால் விகிதம் மாற்றும் தேவையே இல்லை. ரோலர், ஸ்பிரிங், கிளட்ச் ஷூ, பெல் ஆகியவற்றைச் செய்யும் உதிரிபாகப் பட்டறைகளுக்கு இது நேரடியான இழப்பு. பழைய வண்டிகளுக்கு மாற்றுப்பாகம் செய்வது இன்னும் பல ஆண்டுகள் நீடிக்கும். புதிய வண்டிகளுக்கான ஆர்டர் அப்படியல்ல. ஏத்தர் 450-ல் பின்சக்கரத்தை இயக்குவது இன்றும் ஒரு பெல்ட்தான். ஆனால் அது பல்வைத்த பெல்ட். அதன் விகிதம் டிவிஎஸ் 50-ஐப் போலவே மாறாதது.