மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினை மீட்பது: எங்கே சிக்கனம், எங்கே செலவு

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், சோமர்செற், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் கார்கள் சில இன்னும் கொட்டில்களில் நிற்கின்றன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு விலைகள் ஏறிய பிறகு, அவற்றை மீண்டும் ஓடவைக்கலாமா என்று கேட்டு வருவோர் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் ஓடவைக்கலாம்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு ரிங்குகளைத் தாண்டி சம்ப்புக்குள் இறங்கும். ஒயில் தண்ணியாகும், பெயரிங் தேயும். மேலே கரி பிடித்து ரிங்குகள் பிஸ்டனோடு ஒட்டிவிடும்.

பல வருடம் நின்ற எஞ்சினை பற்றரி கொடுத்துச் சுற்றாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஒயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டு, சில நாள் ஊறவிட்டு, ஹாண்டிலால் கையாலேயே திருப்புங்கள். சுற்றத் தொடங்கினால் கொம்பிறெசன் பாருங்கள். குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். கூடினால் பழுது ரிங்கிலோ சிலிண்டரிலோ. கூடாவிட்டால் வால்விலோ கஸ்கெற்றிலோ. வால்வு மட்டும்தான் என்றால் ஹெட்டைக் கழற்றி, அரைத்து இருத்தினால் போதும், எஞ்சின் இறக்கும் கூலி மிச்சம்.

கழற்ற வேண்டி வந்தால், சாமான் வாங்க முதல் அளவெடுங்கள். தேய்வு கூடுதலாக இருப்பது மேல் ரிங் ஓடும் இடத்தில். அங்கே நகத்தால் தடவினாலே படி தட்டுப்படும். என் கணக்கில், தேய்வு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 5 பங்குக்குள் என்றால் ஹோன் பண்ணிப் புது ரிங் போடலாம். 8, 10 என்றால் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடத்தான் வேண்டும். அந்த நிலையில் ரிங் மட்டும் போடுவது காசைக் கரியாக்குகிற வேலை.

கேம்பிறிட்ஜ் ஏ55 வைத்திருப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். அதன் 1489 சிசி எஞ்சின் மொறிஸ் ஒக்ஸ்போட்டிலும் இருந்தது, இந்திய அம்பாசிடரிலும் நெடுங்காலம் இருந்தது. அதனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடும்போது மூன்று பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பழைய பிஸ்டனைக் கையோடு கொண்டுபோய், பின்னின் அளவையும் அது பொருந்தும் விதத்தையும் ஒப்பிட்ட பிறகே காசைக் கொடுங்கள். சோமர்செற்றின் 1200 சிசி வேறு எஞ்சின், அதற்கு இந்த வசதி இல்லை.

புளொக், கொனெக்ரிங் றொட், நல்ல நிலையிலுள்ள வால்வுகள் பழையவையே இருக்கட்டும். ஹெட் கஸ்கெற், பெயரிங், ஒயில் சீல் ஆகியவற்றில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். தட்டலைக் குறைக்க அந்த நாளில் யாராவது இரண்டு கஸ்கெற் போட்டிருந்தால், இனிப் பெற்றோலுக்கு ஒன்று போதும்.

'முழு எஞ்சினையே மாற்றுங்கோ, மலிவு' என்று சொல்பவர்களும் உண்டு. வாகனப் பதிவில் எஞ்சின் இலக்கமும் இருப்பதை அவர்கள் சொல்வதில்லை. மாற்றினால் பதிவையும் திருத்த வேண்டும். இடப்பெயர்வில் புத்தகத்தைத் தொலைத்தவர்களுக்கு அது எத்தனை நாள் அலைச்சல் என்று சொல்லத் தேவையில்லை. புளொக் வெடிக்காதவரை சொந்த எஞ்சினையே திருத்துங்கள்.

ஓடத் தொடங்கியதும் முதல் 500 மைலுக்கு வேகமும் பாரமும் வேண்டாம். பிறகு ஒயிலைச் சூட்டோடு இறக்கி, பில்டரையும் மாற்றுங்கள். இறக்கிய ஒயிலில் செப்பு நிறத் துகள் மினுங்கினால் பெயரிங்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.