வில்லும் எண்ணெயும்

மாட்டுவண்டியின் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டி, அதற்கு வில்வண்டி என்று பெயரிட்ட நம் முன்னோர், அந்தப் பட்டைகளின் ஸ்வபாவத்தில் பாதியைத்தான் பெயரிலே சொன்னார்கள். வில் வளையும், நிமிரும், அது மெய். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள், வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, வண்டி வாங்கிய குலுக்கலில் ஒரு பங்கைச் சூடாக்கிக் கரைத்துவிடுகின்றன என்ற மற்றப் பாதியை அந்தப் பெயர் சொல்லவில்லை. இன்று காட்டுப் பாதையிலும் மணல்வெளியிலும் ஓட்டுவதற்கென்று ஒரு பிக்கப் வண்டியைத் தயார்செய்கிறவர், அதன் பின்னச்சுக்கு எந்த ஷாக் அப்சார்பரைப் பூட்டுவது, அதனுள்ளே எவ்வளவு இறுக்கமான வால்வை வைப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதற்குக் காரணம், பெரும்பாலும் இந்தச் சொல்லப்படாத பாதிதான்.

1804-ஆம் ஆண்டில் லண்டனிலே ஒபதையா எலியட் என்ற கோச்சு வண்டி செய்பவர், இரண்டு பட்டை அடுக்குகளை முகத்தோடு முகம் பொருத்தி நீள்வட்டமாக்கி, அவற்றின்மேல் வண்டியை நிறுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பெல்லாம் முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்க வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஓடிய கனத்த மரத்தூலம் அதனால் தேவையற்றுப் போயிற்று, வண்டி லேசாயிற்று, பிரயாணமும் சௌகரியமாயிற்று. ஆடத் தொடங்கிய வில் எப்படி ஆட்டத்தை நிறுத்தும் என்ற கேள்வியைப் பெரிதாக எழுப்ப வேண்டிய அவசியம் அக்காலத்தில் ஏற்படவில்லை. குதிரையின் வேகத்துக்குப் பட்டைகளின் உரசலே போதுமாயிருந்தது. வேலைக்காரனே காவல்காரனுமாக இருந்துவிட்டால் எஜமானனுக்கு இரண்டாவது சம்பளம் மிச்சம் அல்லவா?

மோட்டார் வண்டி வந்தபோதுதான் அந்தக் காவலின் குறை அம்பலமாயிற்று. உரசலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: மெதுவாக அசைத்தாலும் விரைவாக அசைத்தாலும் அது ஏறக்குறைய ஒரே அளவுதான் எதிர்க்கும். ஆகையால் சின்னஞ்சிறு கல்லின்மேல் சக்கரம் ஏறும்போது, உரசலை வெல்ல முடியாமல் வில் அசையாமலே நின்று, அடியை அப்படியே அடிச்சட்டத்துக்கு ஏற்றிவிடும். பெரிய பள்ளத்தில் விழுந்து எழும்போதோ, அதே உரசல் யானைக்குச் சோளப்பொரி போலாகி, வண்டி கட்டுமீறிக் குதிக்கும். வேண்டாத இடத்தில் விறைப்பும் வேண்டிய இடத்தில் தளர்ச்சியும் காட்டும் இந்தக் குணத்தை மாற்றுவதற்காக இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் செய்யப்பட்ட உபாயம், வேடிக்கையாக, மேலும் ஒரு உரசலே. பிரான்சு தேசத்து ட்ரூஃபோவின் யுக்தியை அமெரிக்கரான எட்வர்டு ஹார்ட்ஃபோர்டு எடுத்துக்கொண்டு விற்ற சாதனத்தில், கத்தரிக்கோல் போன்ற இரண்டு கைகள் சேரும் முட்டியில் வட்டத் தட்டுகள் ஒன்றையொன்று அழுத்தி நின்றன. நடுவிலிருந்த மரையை முறுக்கினால் இறுகும், தளர்த்தினால் இளகும். வால்வைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய வித்தையின் மூதாதை அந்த மரைதான் என்பது என் எண்ணம்.

அதே காலத்தில் கிளாட் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் வேறொரு வழியில் போனார். காப்ரியேல் தேவதூதனின் எக்காளத்தை நினைவூட்டும் பெயரோடு மோட்டார் ஊதுகுழல் விற்றுக்கொண்டிருந்த அவர், சுருட்டிவைத்த ஒரு வாரின் நுனியை அச்சோடு கட்டினார். வில் அமிழும்போது வார் தொளதொளவென்று தன்பாட்டில் சுருண்டுகொள்ளும். வில் எழும்போது மட்டும் இழுபட்டுப் பிடிக்கும். பார்ப்பதற்கு நாட்டுப்புறத்துக் கைவேலையாகத் தோன்றும் இந்த வார், அமிழ்வதும் எழுவதும் வேறு வேறு காரியங்கள் என்ற பெரிய உண்மையை உணர்ந்திருந்தது. அமிழும்போது அடியைத் தாங்க வில்லே இருக்கிறது. அங்கே மேலும் இறுக்கினால் அடி பயணியின் முதுகெலும்புக்குப் போகும். எழும்போதோ, வில் சேர்த்துவைத்த சக்தி முழுவதையும் ஒருவர் வாங்கிக் கரைத்தாக வேண்டும். சாதாரண வண்டிகளின் ஷாக்கில் எழுச்சிப் பக்கத்து எதிர்ப்பு அமிழ்வுப் பக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வைக்கப்படுவது இதனால்தான்.

எண்ணெய் வந்து விஷயத்தின் முகத்தையே மாற்றியது. பிரான்சைச் சேர்ந்த ஹூடாய் அமைத்த எண்ணெய்ச் சாதனம், ஃபோர்டு கம்பெனியின் 1928-ஆம் ஆண்டு மாடல் ஏ வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் பூட்டப்பட்டு, சாமானியர் வீட்டு வாசலுக்கும் வந்தது. எண்ணெயின் ஸ்வபாவம் உரசலுக்கு நேர்மாறு. மெல்லத் தள்ளினால் அது வழிவிடும். வேகமாகத் தள்ளினால் முறைக்கும். வெறும் துவாரத்தின் வழியே தள்ளினாலோ, வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இந்த மிதமிஞ்சிய கோபத்தைத் தணிப்பதற்காகப் பிற்காலத்தில் பிஸ்டனின் துவாரங்களை மூடி மெல்லிய வட்டத் தகடுகளை அடுக்கினார்கள். அவற்றை ஒருமுறை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்திருக்கிறேன். எண்ணெயால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நகத்தால் கீறினால்தான் பிரிகிற அந்தத் தகடுகளில் 0.15 மில்லிமீட்டர் எது, 0.20 மில்லிமீட்டர் எது என்று என் விரலுக்குத் தெரியவில்லை. ஆனால் தகட்டின் விறைப்பு கனத்தின் முப்படியாக ஏறுவதால், அந்த இரண்டாவது தகடு முதலாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பானது. விரல் அறியாத அந்த வித்தியாசத்தை இடுப்பு நன்றாக அறியும்.

இதற்கிடையே செல்வந்தர்களின் வண்டிகளில் வேறொரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. பட்டைகளுக்குத் தோலுறை தைத்து, உள்ளே மசகு நிரப்பி, உரசலைக் கூடியவரை ஒழித்தார்கள். ஒழிந்த உரசலுக்கு ஈடு எண்ணெய்தான் கட்ட வேண்டும் என்பதை அறிந்த பென்ட்லி வண்டிக்காரர்கள், 1930-களில் ஸ்டீரிங் நடுவிலே சிறு நெம்புகோல் வைத்து, ஓட்டுகிறவரே ஷாக்கின் இறுக்கத்தைப் போகிற போக்கில் மாற்றிக்கொள்ளும்படி செய்தார்கள். இது கனவான்களின் சுகபோகம் என்று அந்நாளில் சிலர் நினைத்திருக்கலாம்; எனக்கு அது நேர்மையான கணக்காகத் தோன்றுகிறது.

பிக்கப் வண்டியின் கணக்கை ஈவிரக்கமின்றிச் சரிபார்த்த இடம் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா. 1967-இல் டிஹுவானாவிலிருந்து லாபாஸ் வரை நடந்த முதற் பந்தயத்தில், கல்லும் மணலும் முட்செடியும் நிறைந்த நெடுவழியில், பல மணி நேரம் ஓயாமல் ஏறியிறங்கும் ஷாக்கின் எண்ணெய் சூடேறி நுரைத்துப்போவது பெரிய தொல்லையாயிற்று. நுரைத்த எண்ணெய்க்கு வால்வு எவ்வளவு இறுக்கமாயிருந்தும் பயனில்லை. காற்றுக் குமிழியை எந்தத் தகடு தடுக்கும்? ராட் ஹாலும் லாரி மைனரும் ஓட்டிய ஃபோர்டு பிராங்கோ வண்டி 1969-இல் அதே பந்தயத்தில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றது. பின்னே பட்டைவில் கொண்ட அந்த இனத்து வண்டிகளைச் சீர்செய்துவந்த பில் ஸ்ட்ரோப்பி, ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஷாக் பூட்டி உஷ்ணத்தைப் பங்குபோட்டார். நுரையைத் தடுக்கும் வழியைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் த கார்போன் முன்னமே காட்டியிருந்தார்: ஒரே குழாய், மிதக்கும் ஒரு தடுப்பு, அதற்குப் பின்னால் உயர்ந்த அழுத்தத்தில் நைட்ரஜன். பில்ஸ்டைன் கம்பெனி அம்முறையில் செய்த ஷாக்குகள் 1957 முதல் மெர்சிடிஸ் வண்டிகளில் ஏறின. காட்டுப் பாதைக்காரர்களுக்குப் பிற்பாடு அதுவே குலதெய்வமாயிற்று.

பட்டைவில் பிக்கப்புக்கு இவற்றையெல்லாம் தாண்டி மற்றொரு சங்கடம் உண்டு. வெறும் வண்டியில் பின்வில் சுமப்பது 500 கிலோ என்றால், ஒரு டன் ஏற்றியபின் 1,500 கிலோ. பாரம் மும்மடங்கானால், வில்லின் விறைப்பு மாறாது என்று வைத்துக்கொண்டாலும், வேண்டிய எதிர்ப்பு சுமார் 1.7 மடங்காகிறது, கனத்த பாரத்தில் மட்டும் துணைக்கு வரும் ஹெல்பர் பட்டையும் வந்து தொட்டுவிட்டால் இன்னும் கூடும். நிறைபாரத்துக்குப் பொருத்தமான வால்வு வெறும் வண்டியை உதறும். எழுச்சி மிகவும் இறுகியிருந்தால், அடுத்த மேடு வருவதற்குள் வில் நிமிர முடியாமல், வண்டி படிப்படியாகக் குந்திக்கொள்ளும்.

கொடைக்கானலுக்கு மேலேயுள்ள கிராமங்களிலிருந்து கேரட் இறக்கும் பிக்கப் ஒன்றில் இதை அனுபவித்தேன். சொந்தக்காரர் விலையுயர்ந்த, கடினமான ஷாக்குகளைப் போட்டிருந்தார். பாரத்தோடு இறங்கும்போது தேர் போல வந்த வண்டி, வெறுமையாக ஏறும்போது வளைவுகளில் வாலைப் பக்கவாட்டில் துள்ளவிட்டது. மலையடிவாரத்துப் பட்டறையில் ஒரு வயோதிக மெக்கானிக், ஷாக்குகள் இரண்டையும் முதலில் கழற்றினார். பையன்கள் இருவரை வண்டியின் வாலில் ஏறி அழுத்தச் செய்து, மெல்ல இறங்கச் சொல்லி, வண்டி நின்ற உயரத்துக்குச் சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். பிறகு வாலைத் தூக்கி மெல்ல விடச் சொல்லி மற்றொரு கோடு கிழித்தார். ஒரே வண்டி, ஒரே பாரம். கோடுகள் இரண்டுக்கும் நடுவே மூன்று விரற்கடை.

“இந்த மூணு விரல் பட்டையோட துரு சார். அது பாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டிருக்கு, நீங்க அதுக்கு மேல ஷாக்கையும் போட்டுப் பிடிக்கிறீங்க” என்றார்.

கட்டைப் பிரித்து, பட்டைகளைத் தேய்த்து, மசகு தடவிக் கோத்தபின் கோடுகளின் இடைவெளி ஒரு விரலாகக் குறைந்தது. பிரித்துக் கோக்கக்கூடிய வகை ஷாக் ஆதலால், அமிழ்வுப் பக்கத்திலிருந்து இரண்டு தகடுகளை உருவி எடுத்தார். உரசல் விட்டுப்போன பொறுப்பை ஏற்பதற்காக எழுச்சிப் பக்கத்தில் ஒன்றைக் கூட்டினார். எடுத்த தகடுகளைக் காகிதத்தில் மடித்துச் சொந்தக்காரர் கையில் கொடுத்தபோது, “மழைக்காலம் கழிஞ்சு பட்டை திரும்பத் துருப்பிடிச்சா இதையும் எடுத்துக்கிட்டு வாங்க, மறுபடி கோடு போட்டுப் பார்ப்போம்” என்றார். சுவரிலிருந்த கோடுகளை அவர் அழிக்கவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் வேறு வண்டிகளின் கோடுகளும் ஏராளமாக இருந்தன.